மிசிசிப்பிக் கரையில் ஒரு சங்கீத விழா

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், மிசிசிப்பி மகாநதியின் வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய கரைமேட்டின் புல்தரையே ரசிகர்களுக்கு ஆசனமாக, ஹெலினா என்னும் சிற்றூரில் அக்டோபர் மாதத்தில் நடைபெறும், 1986-இல் தொடங்கிய கிங் பிஸ்கட் புளூஸ் விழாவைப் போல, இசையும் அது ஜனித்த மண்ணும் பிரியாமல் நிற்கும் இடம் அபூர்வம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

‘கிங் பிஸ்கட்’ என்பது ஒரு கோதுமை மாவின் பெயர். அந்த மாவின் விளம்பரத்துக்காக, 1941-இல் அவ்வூர் வானொலியில் சன்னி பாய் வில்லியம்சன் ஹார்மோனிகாவும் ராபர்ட் லாக்வுட் கிதாரும் வாசிக்கத் தொடங்கிய நிகழ்ச்சியை, பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்கள் மத்தியான உணவுவேளையில் ஆவலோடு கேட்டார்கள். அக்காலத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த, பின்னாளில் புளூஸ் கலைஞராகப் புகழ்பெற்ற பி. பி. கிங்கும் அவர்களில் ஒருவர். அடிமைகளாய் வதைபட்டவர்களின் சந்ததியார், தம் துக்கத்தையே நாதமாக்கிய புளூஸ் இசை வானொலியில் ஒலிக்கக் கேட்டபோது, அவர்கள் நெஞ்சம் எவ்வளவு நிமிர்ந்திருக்கும்! பிற்காலத்தில் சிகாகோ நகரம் சென்று மின்கிதாரில் முழங்கிய இவ்விசையின் வேர், வண்டல் படிந்த இந்தச் சமவெளியில்தான் ஓடுகிறது. ஆகையால், குளிர்சாதன அரங்குகளின் சௌகரியத்தைவிட, அந்தப் புல்மேட்டில் வெயிலோடு அமர்ந்து கேட்பதையே பெரும் பாக்கியமாக நான் கருதுகிறேன்.