ஆறு மொழி பேசிய கள்ளன்

1957ஆம் ஆண்டு இலங்கைப் படமாளிகைகளுக்கு வந்த சிங்களப் படங்களுள் 'சூரசேன' என்பதும் ஒன்று. சிங்களத் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இதன் பெயரைப் பட்டியலில் சேர்ப்பதோடு நின்றுவிடுவர். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. முந்திய ஆண்டின் இறுதியில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' வெளிவந்து, ஸ்டூடியோச் சுவர்களுக்குள் அடைபட்டிருந்த சிங்கள சினிமாவை நாட்டுப்புறத்து வெயிலுக்கு அழைத்துச் சென்றிருந்தது. அதற்குப் பின்னர், தென்னிந்தியப் படமொன்றின் மறுபதிப்பாக வந்த கள்ளன் கதையை எந்த விமர்சகர் பொருட்படுத்துவார்? கலை நோக்கில் அவர்களது தீர்ப்பு சரியானதாகவே இருக்கலாம். எனினும், மலையகத்தைப் பற்றிச் சிந்திப்போரும் இப்படத்தை அவ்வாறே கடந்து போவது முறையன்று.

கதை தமிழ்க் கதை. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய 'மலைக்கள்ளன்' என்னும் நாவலே இதற்கு மூலம். 1930இல் வேதாரணியம் சென்ற உப்பு யாத்திரைக்குப் பாட்டெழுதிக் கொடுத்த காந்தியவாதி ஒருவர், கொள்ளைக்காரனை நாயகனாக்கி நாவல் புனைந்தார் என்பதே சுவையான முரண்பாடு. கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு அதனைத் தயாரித்து, தாமே இயக்கி, 1954 ஜூலையில் வெளியிட்டார். வசனம் மு. கருணாநிதியுடையது. எம்.ஜி. இராமச்சந்திரனும் பி. பானுமதியும் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றனர். இந்தியக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் என்ற சிறப்பும் அதற்கு உண்டு.

பின்னர் அந்தக் கள்ளன் மொழிக்கு மொழி தாவத் தொடங்கினான். தெலுங்கில் 'அக்கி ராமுடு' என என்.டி. ராமராவாகவும், இந்தியில் 'ஆசாத்' எனத் திலீப்குமாராகவும் வந்தான். சோகப் பாத்திரங்களால் பெரிதும் அறியப்பட்டிருந்த திலீப்குமாரை நகைச்சுவைக்கு இழுத்துவந்ததில் நாமக்கல்லாரின் கள்ளனுக்கும் பங்குண்டு. மலையாளத்தில் 'தஸ்கரவீரன்', கன்னடத்தில் 'பெட்டத கள்ள', சிங்களத்தில் 'சூரசேன' என மூன்று படங்கள் 1957இல் வெளிவந்தன. ஆக ஆறு மொழிகள். இந்திய மொழிகளின் ஐந்து படங்களைப் பற்றியும் ஓரளவேனும் எழுதப்பட்டுள்ளது. கடல் கடந்து வந்த ஆறாவதே கேட்பாரற்றுக் கிடக்கிறது.

இக்கதையின் உயிர் சண்டையில் இல்லை, சிரிப்பில் இருக்கிறது. ஊரில் திருட்டும் ஆட்கடத்தலும் நிகழ்கின்றன. பழியெல்லாம் மலையில் வாழும் ஒருவன்மீது விழுகின்றது. குற்றம் புரிவோரோ ஊரின் பெரிய மனிதர்கள். மலைக்கள்ளனைத் தேடி அலையும் பொலிஸார், அப்துல் ரகீம் என்ற செல்வந்த வணிகரோடு உரையாடி, அவரை மதித்து, அவரது யோசனையையும் கேட்டுச் செல்கின்றனர். அந்த வணிகனும் மலைக்கள்ளனும் ஒருவனே என்பது பார்வையாளருக்குத் தெரியும். சட்டத்தின் காவலருக்குத் தெரியாது. எளியவன் அறிந்த ஒன்றை அதிகாரம் அறியாமல் தடுமாறுவதைக் கண்டு எழும் சிரிப்பு இது. தமிழ்க் கூத்தின் கட்டியங்காரனும் கோமாளியும் நெடுங்காலமாக எழுப்பிவந்த சிரிப்பும் இதுவே. காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் விடிய விடியக் கண்டு பழகிய தோட்டத்து மக்களுக்கு இதன் சுவையை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அட்டனிலும் நுவரெலியாவிலும் நாவலப்பிட்டியிலும் எம்.ஜி.ஆர். படங்களுக்கு இருந்த வரவேற்பைப் பலர் வெறும் நட்சத்திர மோகம் என்று தள்ளிவிடுவர். மோகம் இருந்தது உண்மையே. அவரே 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்ற செய்தி அந்த மோகத்தை உறவாகவும் மாற்றியது. 1965இல் சரோஜாதேவியுடன் அவர் இலங்கைக்கு வந்தபோது, நடிகர் வருகிறார் என்பதைவிட, நம்மூரில் பிறந்த பிள்ளை வருகிறது என்ற உரிமையே மலையகத்தில் ஓங்கியிருந்திருக்கும். ஆயினும் 'மலைக்கள்ளன்' என்ற பெயருக்கு இம்மலைகளில் வேறொரு கனமும் உண்டு.

தோட்டத் தொழிலாளியின் வரலாற்றில் 'கள்ள' என்ற அடைமொழி ஒட்டாத காலம் குறைவு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டுப் போவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கடன் சுமை தாங்காது மனைவி மக்களோடு இரவில் மலையிறங்கியவன் எதனையும் திருடிச் செல்லவில்லை. தன் உடலையே எடுத்துச் சென்றான். சட்டத்தின் கண்ணில் அதுவே களவு. அவனது கடனைக் கங்காணிக்குக் கங்காணி கைமாற்றிக்கொள்ளப் பயன்பட்ட 'துண்டு' என்னும் சீட்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. சுதந்திரம் வந்ததும் வேறொரு சொல் வந்தது: கள்ளத்தோணி. நான்கு தலைமுறையாகக் கோப்பியும் தேயிலையும் வளர்த்தவரின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, கடலையே காணாத பிள்ளைகளைப் பார்த்து, தோணியில் களவாக வந்தவர் என்றனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களின் வாக்கைப் பறித்தன. 1947இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரசு, 1952இல் ஒருவரையும் அனுப்ப இயலவில்லை. இரண்டாண்டு கழித்துத் திரையில் ஒருவன் தோன்றி, கள்ளன் என்று அழைக்கப்படுபவன் ஒருவன், களவு செய்பவன் வேறொருவன் என்று காட்டினான். அந்தக் காட்சியில் எழுந்த கைதட்டலை ரசிகரின் விசிலாக மட்டும் கணிப்பது பிழை.

இனிச் சிங்களவரின் பக்கம். தமிழ்க் கள்ளன் 'சூரசேன'வாக வேடமிட்டு வந்தபோது அவனை ஏற்க அவர்களிடமும் ஒரு மரபு இருந்தது. கேகாலை மாவட்டத்தில், மாவனல்லைக்கு அருகே உள்ள உத்துவன்கந்தை மலையில் ஒளிந்திருந்து கொழும்பு–கண்டி வீதியில் கொள்ளையடித்த சரதியேல் அவர்களது மலைக்கள்ளன். 1867இல் கண்டிக்குப் புகைவண்டி வரும்வரை, தோட்டத்துக் கோப்பி பெருமளவு மாட்டு வண்டிகளில் அந்த வீதி வழியாக இறங்கிற்று. செல்வம் போகும் வழியில் கள்ளன் பிறப்பது இயல்பு. அவனைப் பிடிக்கச் சென்ற கான்ஸ்டபிள் சபான் 1864 மார்ச் 21ஆம் நாள் கொல்லப்பட்டார். கடமையின்போது உயிர்நீத்த முதற் பொலிஸ்காரர் என இலங்கைப் பொலிஸ் இன்றும் அந்நாளை நினைவுகூர்கின்றது. அதே ஆண்டு மே 7ஆம் நாள் சரதியேல் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். அவனோடு தூக்கேறியவன் அவனது நண்பன் மம்மலே மரிக்கார் என்னும் முஸ்லிம். எடுத்ததை ஏழைக்குக் கொடுத்தான் என்பது வழக்காறு. பொலிஸ் ஏடும் நாட்டார் கதையும் ஒரே மனிதனைப் பற்றி இருவேறு தீர்ப்புகளை வழங்கியுள்ளன.

சரதியேல் கதை கண்டிச் சிங்களவரிடையே நிலைத்ததற்கு அவர்களுக்கும் ஒரு மனக்குறை இருந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்கு உரியன ஆக்கி, தோட்டத் துரைமாருக்கு விற்க வழி செய்தது. மலை தன்னிடமிருந்து களவாடப்பட்டது என்று கிராமத்துச் சிங்களவன் எண்ணினான். அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. ஆனால் களவாடியவனைச் சுட்டுமாறு கேட்டால் அவனது விரல் துரையின் பங்களாவை நோக்கி நீளவில்லை. லயத்தை நோக்கி நீண்டது. அப்படி நீளுமாறு அதனைத் திருப்பிவிட்ட அரசியல்வாதிகளும் குறைவாக இல்லை. பெரிய மனிதன் செய்த களவுக்கு மலையில் வாழ்பவன் பழி சுமப்பது திரைக்கதையில் மட்டும் நிகழ்ந்தது அன்று.

'சூரசேன' வந்த ஆண்டையும் நோக்குதல் வேண்டும். சிங்களம் மட்டும் சட்டம் 1956 ஜூனில் நிறைவேறியிருந்தது. பண்டாரநாயக்க – செல்வநாயகம் உடன்படிக்கை 1957 ஜூலையில் ஒப்பமிடப்பட்டு, அடுத்த ஆண்டு ஏப்ரலில் கைவிடப்பட்டது. மே மாதம் நாடு பற்றியெரிந்தது. மொழியின் பெயரால் இரு மக்களும் பிரிக்கப்பட்ட அந்நாள்களில், தமிழ்க் கதை ஒன்று சிங்களம் பேசி அரங்குக்கு வந்ததைப் பெரிதாக எடுத்துப் பேசியவர் இலர். சினிமா உலகில் அது புதுமையும் அன்று. 1947இல் வந்த முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ'வையே எஸ்.எம். நாயகம் என்னும் தமிழர்தான் மதுரையில் தமது ஸ்டூடியோவில் எடுத்தார். தொடக்ககாலச் சிங்களப் படங்களின் மெட்டும் ஒளிப்பதிவும் ஒப்பனையும் பெருமளவு தமிழ்நாட்டிலிருந்தே வந்தன. இதனை அடிமைத்தனம் என்று சிங்கள விமர்சகர் வெறுத்ததில் வியப்பில்லை. சொந்தக் கலை வேண்டுவோர் அப்படித்தான் வெறுப்பர். ஆயினும் அந்த வெறுப்பு, இரண்டு மக்கள் ஒரே கள்ளனைக் கண்டு ஒரே இடத்தில் சிரித்தனர் என்ற சிறிய உண்மையையும் சேர்த்தே மறைத்துவிட்டது.

கதையின் முடிவில் மலைக்கள்ளனின் வேடம் கலைகிறது. அவன் குமாரவீரன்; நாயகி பூங்கோதைக்கு முறையுள்ளவன்; அந்த மண்ணுக்கு உரியவன் என்று ஊர் அறிகின்றது. திரைக்கு வெளியே, 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ், தாம் இந்நாட்டில் இத்தனை ஆண்டுகள் இடையறாது வாழ்ந்தவர் என்று எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. பற்றுச்சீட்டும் பேர்ப்பதிவும் கேட்டு விசாரணைகள் நடந்துகொண்டிருந்தன. இறுதியில் உரியவர் என்று ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 134,000 பேர். ஏனையோரின் கணக்கை 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் புது டில்லியில் அமர்ந்து பிரித்துக்கொண்டனர்.