அளவுகோலும் பிள்ளையும்

தமிழாசிரியனாகிய யான் ஆங்கிலப் புள்ளியைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும், மொழி கற்பிப்போர் யாவர்க்கும் இவ்விடயத்திற் பொறுப்புண்டு.

நம் முன்னோர் காலத்தில் உயர்கல்வி ஆங்கிலத்தின் வழியே நடந்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிக் கல்வியும் படிப்படியாக மேல் வகுப்புகளுக்குப் பரவிற்று. ஏழைப் பிள்ளைக்குக் கதவு திறந்தது. ஆங்கிலமோ தனியொரு பாடமாகச் சுருங்கிற்று. 2001 ஆம் ஆண்டின் பின்னர் இருமொழிக் கல்வி தலையெடுத்தது. இடைநிலை வகுப்புகளிற் சில பாடங்களை ஆங்கிலத்திற் கற்கலாம் என்றாயிற்று. இது நன்றே. ஆனால், அவ்வகுப்பிற் சேரத் தக்கவர் யாவர்?

யான் அறிந்த ஒரு பாடசாலையில் ஒரு மணி நேர எழுத்துப் பரீட்சையே அதற்கு விடை கூறிற்று. வாவிக்கரை மீனவர் வீட்டுச் சிறுவன் ஒருவன், ஆவியாதல் பற்றிய ஆங்கில வினாவின் கீழ் ஒன்றும் எழுதவில்லை. பின்னர் அதனையே தமிழிற் கேட்டேன். “சேர், கோடையில ஓரத்துக் குழியில தண்ணி வத்திப்போகும், மறுகா உப்புப் படிஞ்சிருக்கும். தண்ணிதான் போகும், உப்புப் போகாது” என்றான்.

அவனிடம் இல்லாதது விஞ்ஞான அறிவன்று. அதனைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லே. வினாத்தாளோ இரண்டையும் ஒன்றெனக் கொண்டது. அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. தனியார் வகுப்புக்குப் பணம் செலுத்த வல்ல வீட்டுப் பிள்ளைகள் அவ்விடத்தைப் பெற்றனர்.

ஆங்கில ஆற்றலை அளத்தல் வேண்டாவென்று கூறேன். பிள்ளையை வாயிலில் நிறுத்துதற்கன்றி, எங்கே தொடங்குவதென ஆசிரியர்க்குக் காட்டுதற்கே அளவை அமைதல் வேண்டும். கேட்டல், பேசல், வாசித்தல், எழுதல் என்பன வெவ்வேறு திறன்கள். சாதாரண தரத்திற் சிறந்த சித்தி எய்தியோரிலும் சிலர் நேர்முகத்தில் நாவெழாது நிற்பர். ஆதலின், பாட அறிவைத் தாய்மொழியிலும் மொழியறிவை ஆங்கிலத்திலும் தனித்தனியே நோக்குதல் தகும். புதிய கருத்தை முதலில் தமிழிற் பேசவிட்டு, அதன்பின் ஆங்கிலச் சொல்லை ஊட்டலாம். இருமொழிச் சொற்பட்டியலைப் பிள்ளையே எழுதி வரட்டும். ஆண்டிறுதியில் மீண்டும் அளந்து, அவன் தொடங்கிய இடத்தோடு ஒப்பிடுக, அடுத்தவனோடு ஒப்பிடற்க.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார்; 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். அவர்க்கு ஒரு மொழி மற்றொன்றுக்கு வேலியாகவில்லை. வரம்பாகி நீரைத் தேக்கித் தந்தது.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். பரிசுக் கிண்ணங்கள் வழங்கி வருகிறீர்கள், அது போற்றத்தக்கது. அதனோடு, வாரத்தில் ஒரு மாலை இங்கு வந்து, பிள்ளைகளோடு எளிய ஆங்கிலத்தில் உரையாடுங்கள். பிழை விட்டாலும் எவரும் நகையாத ஓரிடத்தை அவர்களுக்கு அமைத்துத் தாருங்கள். கடல் கடந்து சென்று, அந்நிய மொழியில் முதற் சொல்லைத் தேடித் தவித்த உங்களுள் பலர் அதன் அருமையை நன்கறிவீர்கள்.