உள்ளானின் ஊர்

எங்கள் ஊர்ப் படித்துறைக்குச் சற்றுக் கீழே, தாமிரபரணியின் ஓரமாக ஒரு மணல்திட்டு உண்டு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் அந்த ஆற்றின் நெடுவழியில், அது எவரும் பொருட்படுத்தாத சிறு துண்டு நிலம். 20 ஆண்டுகளாக விடுமுறை நாள்களின் விடியற்காலையில் நான் சென்று அமரும் இடம் அதுதான். கையில் ஒரு தொலைநோக்கியும் குறிப்பேடும் இருக்கும்.

அங்கே ஆண்டுதோறும் நான் எதிர்பார்த்திருக்கும் பறவை உள்ளான். மைனாவைவிடச் சற்றுச் சிறியது. முதுகு பழுப்பு, வயிறு வெண்மை. நீர்விளிம்பில் நடக்கும்போது பின்னுடலை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். யாரேனும் நெருங்கினால் மெல்லிய குரலெழுப்பி, நீரைத் தொடுவதுபோலத் தாழப் பறந்து அப்பால் சென்று அமரும். அதன் எடை ஏறத்தாழ 50 கிராம். இமயமலைப் பகுதியிலும் வட ஆசியாவிலும் உள்ள ஓடைக்கரைகளில் பிறந்த அந்தச் சிற்றுயிர், அங்கே குளிர் இறுகி இரை அருகுவதற்கு முன்பே தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகிறது.

இத்தகைய வலசைப் பறவைகளை வகுப்பறையில் ‘வடநாட்டு விருந்தாளிகள்’ என்றே பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தேன். ஒரு டிசம்பர் மாதக் காலையில் மாணவர் சிலரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். என் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஐயா, ஆகஸ்டு இறுதியில் வந்து ஏப்ரல் இறுதியில்தானே போகிறது? எட்டு மாதம் தங்குபவரை யாராவது விருந்தாளி என்பார்களா?”

எனக்கு விடை தெரியவில்லை. கணக்கு முழுவதும் என் கையெழுத்தில்தான் இருந்தது. ஒருமுறைகூட நான் அதைக் கூட்டிப் பார்த்ததில்லை. வடக்கே அது பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். மூன்று வாரம் அடைகாக்கும். குஞ்சுகள் ஒரு மாதத்திற்குள் பறக்கத் தொடங்கும். அவ்வளவுதான் அங்கே அதற்கு வேலை. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு சென்று திரும்பும் பெண்ணைப்போல, அது வடக்கே சென்று திரும்புகிறது. பறவைகளின் காலில் எண் பொறித்த வளையமிட்டு ஆராய்ந்தவர்கள், வலசைப் பறவைகள் பல ஆண்டுதோறும் அதே இடத்திற்கே திரும்பி வருவதைக் கண்டறிந்துள்ளனர். அப்படியானால் இந்த மணல்திட்டு அவற்றுக்கு வழியில் கண்ட சத்திரமன்று, குடியிருப்பு.

அன்று உள்ளான் வழக்கமாக இரை தேடும் இடத்தில் நனைந்த துணிகள் குவிந்து கிடந்தன. நீத்தார் கடனும் பரிகாரமும் முடித்தவர்கள் ஆற்றில் விட்டுச்செல்லும் உடைகள் அவை. ஈரமண்ணில் புழு பூச்சிகளைக் கொத்தித் தின்னும் பறவைக்கு, துணி மூடிய மண்ணில் என்ன கிடைக்கும்?

“யார் ஐயா இப்படிப் போடுகிறார்கள்?” என்று ஒரு மாணவன் சினத்துடன் கேட்டான்.

சற்று நேரம் நான் பேசவில்லை. என் தந்தையாரின் கருமாதியன்று, உடுத்தியிருந்த வேட்டியை இதே ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் கரையேறியவன் நான். நீரோடு எல்லாம் போய்விடும் என்று நம்பினேன். அது எங்கும் போயிருக்காது. இப்படி ஏதோ ஒரு கரையில்தான் ஒதுங்கியிருக்கும்.

“நானும் போட்டிருக்கிறேன்” என்றேன்.

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு அந்த மாணவனே முதலில் குனிந்து ஒரு சேலையை இழுத்தான். மணலில் புதைந்திருந்த அது எளிதில் வரவில்லை. நான் மறுமுனையைப் பற்றினேன். வெயில் ஏறும்வரை இழுத்ததில் நான்கு சாக்குகள் நிறைந்தன. உள்ளான் அன்று திரும்பி வரவில்லை.

அடுத்த வாரம் தனியே சென்றேன். துணி அகற்றிய இடத்தில் மண் கறுத்து ஈரமாக இருந்தது. அதில் சின்னஞ்சிறு கால்தடங்கள் நீர்விளிம்புவரை சென்றிருந்தன. குறிப்பேட்டை எடுத்து அன்றைய நாளைக் குறித்தேன். இப்போதெல்லாம் வகுப்பில் ‘விருந்தாளி’ என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு பிறக்குமுன் மாணவர்களுடன் சாக்குகளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிறேன். அந்த வீட்டுக்காரர் திரும்பி வரும் காலம் அது.