எங்கல இருக்க?

போன விடுமுறைக்குப் பாளையங்கோட்டையில் ஆச்சி வீட்டில் இருந்தேன். ஆச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது. தினமும் சாயங்காலம் வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்துக் காட்டுவது என் வேலை. ஆதியாகமம் முடிந்து யாத்திராகமம் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கோ இரண்டு அரியர். அடுத்த செமஸ்டரில் கேம்பஸ் இன்டர்வியூ. வாய் பாட்டுக்கு வாசிக்கும். மனசு ஏதோ ஒரு ஏ.சி. அறையில் உட்கார்ந்து பதில் தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கும். (உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதைதான்.)

ஒருநாள் 16-ம் அதிகாரத்தை முடித்துப் புத்தகத்தை மூடப் போனேன்.

"எங்கல இருக்க?" என்றாள் ஆச்சி.

"இங்கதான் ஆச்சி, உங்க பக்கத்துல."

"வாயி இங்கன இருக்கு. நீ எங்க இருக்க? இப்ப என்ன வாசிச்ச, சொல்லு பாப்போம்."

சொல்லத் தெரியவில்லை. ஆச்சியே சொன்னாள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் காலைதோறும் தரையில் கிடந்த மன்னா. தலைக்கு ஒரு ஓமர். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குத்தான் பொறுக்க வேண்டும். நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று சிலர் மீதி வைத்தார்கள். விடிந்து பார்த்தால் புழு, நாற்றம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப அடுத்த மாசப் பரீட்சைக்கு இன்னைக்குப் படிக்க வேண்டாமா?"

"ஆறாம் நாளு ரெண்டு பங்கு எடுக்கச் சொன்னாருல்லா, அது புழுத்துச்சா? படிக்கதும் இன்னைக்கு உள்ள சோலிதான். நீ எங்க படிக்க? பயந்துகிட்டுல்லா இருக்க."

உண்மைதான். ஊருக்கு வந்து பத்து நாள். பையிலிருந்து ஒரு புத்தகத்தைக்கூட எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும்போது அந்த ஆகாரம் கேட்கிற இடத்தில் ஒரு நொடி நிற்கிறேன். நம் பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 'இன்று' என்கிறார், லூக்கா 'அன்றன்றும்' என்கிறார். அந்த ஆகாரத்துக்கு மூலத்தில் 'எபியூசியோஸ்' என்று ஒரு கிரேக்க அடைமொழி இருக்கிறது. 3-ம் நூற்றாண்டிலேயே ஓரிகன், இது மக்கள் பேச்சில் இல்லாத சொல் என்று குறித்திருக்கிறார். 'இன்றைக்கு வேண்டிய' என்று சிலர், 'வரப்போகும் நாளுக்கான' என்று சிலர். அறிஞர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. எனக்கு அது ஆறுதலாகவே இருக்கிறது. நாளைய அப்பமாகவே இருக்கட்டும், கேட்கச் சொன்னது இன்றைக்குத்தானே!

'இந்த நொடியில் வாழுங்கள்' என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். மனதைக் காலி செய்து அமைதியாகு என்கிற மாதிரி. எனக்கு அது பிடிபடவில்லை. 17-ம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். சமையலறை வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காதாம். ஆனாலும் பல வருடம் அங்கேதான். அவர் எதையும் காலி செய்யவில்லை. பாத்திரச் சத்தத்துக்கு நடுவில் கடவுளோடு பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்றால் நாமும் அங்கே இருக்க வேண்டும், இல்லையா? ஆச்சி கேட்டதும் அதைத்தானே.

மறுநாள் 17-ம் அதிகாரம். தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் மோசேயோடு சண்டை போடுகிற இடம். பாதியிலேயே ஆச்சி தூங்கிவிட்டாள். அதுவே சாக்கு என்று மூடிவிட்டு எழுந்தேன். அதற்கடுத்த நாள் ஹாஸ்டல். மூன்றாவது வாரம் அப்பாவிடமிருந்து போன்.

அடக்கம் முடிந்த அன்று ராத்திரி அந்த வேதத்தை எடுத்தேன். சிவப்பு நாடா அதே பக்கத்தில்தான் கிடந்தது. கர்த்தர் நம் நடுவில் இருக்கிறாரா இல்லையா என்று ஜனங்கள் கேட்டார்கள் என்று அங்கே வருகிறது. வெறும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மீதி அதிகாரத்தைச் சத்தமாக, மெதுவாக வாசித்து முடித்தேன்.