பதினேழாவது கையெழுத்து

எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு மீன் கதை சொல்வேன். முதல் உலகப் போர்க் காலத்தில் அட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்துபோனது. அப்படியானால் எல்லா மீனும் பெருகியிருக்க வேண்டும் அல்லவா? ஆனால் சந்தைக்கு வந்ததில் சுறா மாதிரி மற்ற மீன்களைத் தின்னும் இனங்களின் பங்குதான் கூடியிருந்தது. ஏன் என்று மருமகன் கேட்டார். 1926-இல் மாமனார் இரண்டே சமன்பாடுகளில் பதில் சொன்னார். அந்த மாமனார் வீத்தோ வோல்டெரா.

போன வருடம் ஒரு மாணவி எழுந்து, "சார், அவரு அப்புறம் என்ன ஆனாரு?" என்று கேட்டாள். பத்து வருடமாக அவருடைய சமன்பாட்டை வைத்துச் சம்பளம் வாங்குகிறேன், எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு தேடிப் படித்தேன். படித்து முடித்தபோது எனக்கு வேறொரு ஞாபகம் வந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முசோலினி 1919 மார்ச்சில் மிலன் நகரத்தில் தன் இயக்கத்தைத் தொடங்கியபோது அது சின்னக் கூட்டம்தான். அந்த வருடத் தேர்தலில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் போரில் ஜெயித்தும் ஏமாற்றப்பட்டோம் என்ற கசப்பு நாடெங்கும் இருந்தது. ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை இல்லை. 1920-இல் தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றியதும் முதலாளிகளும் நிலக்கிழார்களும் மிரண்டுபோனார்கள். முசோலினியின் குண்டர்கள் தொழிற்சங்க அலுவலகங்களைக் கொளுத்தினார்கள். பல ஊர்களில் போலீஸ் வேடிக்கை பார்த்தது.

1922 அக்டோபரில் அந்தப் படை ரோமை நோக்கிக் கிளம்பியது. பிரதமர் ஃபாக்டா, ராணுவத்தை இறக்குவதற்கான ஆணையை மன்னர் மூன்றாம் விக்டர் இமானுவேலிடம் நீட்டினார். மன்னர் கையெழுத்துப் போடவில்லை. முசோலினி மிலனிலிருந்து ரயிலேறி வந்து பிரதமர் ஆனார். போடாத ஒரு கையெழுத்தில் தொடங்கியது எல்லாம்.

1924-இல் தேர்தல் அராஜகத்தை நாடாளுமன்றத்தில் அம்பலப்படுத்திய சோஷலிஸ்ட் மத்தேயோத்தியைக் கடத்திக் கொன்றார்கள். அடுத்த ஜனவரியில் முசோலினி அதே நாடாளுமன்றத்தில் எழுந்து, நடந்தவற்றுக்கெல்லாம் தானே பொறுப்பு என்றார். யாராலும் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. 1926 முடிவதற்குள் எதிர்க்கட்சிகளே இல்லை.

பிறகு 1931. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எல்லோரும் மன்னருக்கும் பாசிச ஆட்சிக்கும் விசுவாசமாக இருப்பதாக, மாணவர்களையும் அப்படியே வளர்ப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று ஆணை வந்தது. மறுத்தால் வேலை போய்விடும். சுமார் 1,200 பேராசிரியர்கள் இருந்தார்கள். மறுத்தவர்கள் 12 பேர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறாது.

மிச்சப் பேரெல்லாம் பாசிஸ்டுகளா என்றால், இல்லை. அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. நீங்கள் விலகினால் அந்த நாற்காலியில் அவர்கள் ஆள் வந்து உட்காருவான், பாடத்தையாவது காப்பாற்றுங்கள் என்று பாசிசத்தை எதிர்த்த தத்துவவாதி குரோச்சேயே ஆலோசனை சொன்னார். மனசுக்குள் ஒரு நிபந்தனையோடு போடலாம் என்று போப்பாண்டவர் வழி காட்டினார். உள்ளே இருந்துகொண்டே வேலை பாருங்கள் என்றது தலைமறைவாக இயங்கிய கம்யூனிஸ்ட் கட்சி. மூன்றும் நியாயமாகவே தோன்றுகின்றன.

71 வயது வோல்டெரா, தன்னுடைய கருத்து என்னவென்று நாடாளுமன்ற மேலவையில் தான் நடந்துகொண்ட விதத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியும், மனசாட்சிப்படி இதைச் செய்ய முடியாது என்று சுருக்கமாக எழுதி அனுப்பினார். வேலை போயிற்று.

இப்போது என் ஞாபகம். முன்பு நான் வேலை பார்த்த ஒரு தனியார் கல்லூரியில் நான்கு மாதமாகச் சம்பளம் வரவில்லை. எங்கள் துறையின் மூத்த ஆசிரியர் ஒருவர் அதைக் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வாரம் அட்டெண்டர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். அந்த ஆசிரியர் வகுப்புகளைச் சரியாக எடுப்பதில்லை, சக ஊழியர்களோடு ஒத்துப்போவதில்லை என்று டைப் அடித்திருந்தது. கீழே பதினாறு கையெழுத்துகள். "சீக்கிரம் சார், இன்னும் ரெண்டு டிபார்ட்மென்ட் போகணும்" என்றார் அட்டெண்டர். எனக்கு அப்போது குழந்தை பிறந்து இருபது நாள். போட்டேன்.

ஒரு தனியார் கல்லூரியின் அடாவடியை பாசிசம் என்று சொல்லும் அசட்டுத்தனம் எனக்கு இல்லை. அங்கே மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். ஆனால் பேனாவைத் திறந்த அந்த நொடியில் நான் பார்த்தது அந்தத் தாளில் எழுதியிருந்ததை அல்ல, மேலே இருந்த பதினாறு பேரை. 1,200 பேரிலும் பலர் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். நம் நம்பிக்கை அந்த மாதிரி ஆட்சிக்குத் தேவையே இல்லை, மற்றவர்கள் போட்டுவிட்டார்கள் என்பது நமக்குத் தெரிந்தால் போதும்.

வோல்டெராவின் நண்பர் துல்லியோ லெவி-சிவிதா. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலுக்கு வேண்டிய கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். பாசிசம் பிடிக்காதவர்தான். 1931-இல் மனமில்லாமல் உறுதிமொழி எடுத்தார், நாற்காலி தப்பியது. 1938-இல் இனச் சட்டங்கள் வந்தன. லெவி-சிவிதா யூதர். விசுவாசம் தெரிவித்திருந்தும் துரத்தினார்கள். அந்த வருடம் வேலை இழந்த யூதப் பேராசிரியர்கள் நூற்றை ஒட்டி. காலியான இடங்களுக்குச் சக பேராசிரியர்களே போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். முதல் தடவை வாய் திறக்காதவர்களுக்கு இரண்டாம் தடவை வாய் மூடுவது சிரமமாக இருந்திருக்காது. வோல்டெரா 1940-இலும் லெவி-சிவிதா 1941-இலும் ரோமில் இறந்தார்கள்.

இதையெல்லாம் படித்த மறுநாள் அந்த மூத்த ஆசிரியருக்கு போன் செய்தேன். இப்போது டியூஷன் எடுக்கிறார்.

"சார், அன்னைக்கு அந்தப் பேப்பர்ல நானும் கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும் தம்பி. நகல் குடுத்தாங்களே. பதினேழாவது. உங்க எழுத்துதான் எனக்குத் தெரியுமே."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவரே சொன்னார்: "போடலன்னா உங்க வேலையும் போயிருக்கும். கைக்குழந்தை வேற. விடுங்க."

விடச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. எனக்குத்தான் இல்லை. மாணவியிடம் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் மீன் கதைக்குப் பிறகு வோல்டெரா என்ன ஆனார் என்று சொல்ல வேண்டும். லெவி-சிவிதா பற்றியும். அதற்குப் பிறகு, வாய் வந்தால், அந்தத் தாளைப் பற்றியும்.