கடற்கரையிலிருந்து மலைக்கு ஒரு ஸ்கூட்டியில்

முல்லைத்தீவிலிருந்து ஹற்றனுக்கு ஸ்கூட்டியில் போய் வந்தோம் என்றால் எங்கள் ஊரில் இன்றைக்கும் சிரிப்பார்கள். தூரத்தை நினைத்து அல்ல, பொம்பிளை ஓட்ட ஆம்பிளை பின்னால் இருந்து போன கதை அது என்பதற்காக. என் கணவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009 மாசியில் எறிகணை கொண்டு போனது. தையலில் சேர்த்த காசும் சங்கக் கடனும் போட்டு நான் வாங்கிய ஸ்கூட்டி அது. ஆகவே ஓட்டுவது நான்தான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

2024 பெப்ரவரியில் புறப்பட்டோம். ஊருக்குச் சொன்ன காரணம், அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எடுக்க வேண்டும் என்பது. வீட்டில் இருந்த பத்திரங்கள், படங்கள், மாமியின் சேலைப் பெட்டி எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. மாமியும் அதே ஆண்டு வைகாசியில் முள்ளிவாய்க்காலில் போய்விட்டார். அவருடைய ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மாமி மலைநாட்டுக்காரி. நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்தெடுத்து, 1977 ஆவணிக் கலவரத்தோடு இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கு வந்தவர். அப்படி வன்னிக்கு வந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கு. காடு வெட்டிக் குடியேறினார்கள். பிறகு வன்னியில் நடந்த அத்தனை இடப்பெயர்வுகளிலும் எங்களோடு சேர்ந்து ஓடினார்கள். கடற்கரைப் பிள்ளையான என்னை மருமகளாக எடுத்த பிறகும் மாமி மீன் நாற்றத்துக்குப் பழகவே இல்லை. "லயத்துக்குப் பின்னால பீலித் தண்ணி இருக்கும் பாரு, பல்லுக் கூசும்" என்று வெயில் காலத்தில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டவர். பாதை திறந்திருந்த காலத்தில் காசு இருக்கவில்லை, காசு இருந்த காலத்தில் பாதை இருக்கவில்லை.

மாங்குளத்தில் ஏ-9 வீதிக்கு ஏறி, வவுனியா தாண்டி, மதவாச்சிச் சந்தியில் பிளேன்ரீக்கு நிறுத்தினோம். அந்தச் சந்தியில்தான் மன்னார் வீதி வந்து சேருகிறது. அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கிய கூலிச் சனங்கள் இந்தக் காட்டு வழியாகத்தான் மாத்தளைக்கு நடந்தார்கள். கோப்பித் தோட்டக் காலம் அது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்து விழுந்தவர்கள் ஏராளம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தேயிலை வைத்தார் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். அதற்கு முன்பே நடந்து வந்தவர்களைப் பற்றி நாங்கள் படித்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவர்கள் வந்து 200 ஆண்டானதை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி போனது. ஓகஸ்ட் 12ஆம் திகதி போய்ச் சேர்ந்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்றுதான் இவர் "நாங்களும் ஒருக்காப் போவமோ?" என்று கேட்டவர்.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கிட்ட ஒரு சின்ன விடுதியில் இரவு தங்கினோம். மறுநாள் கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி. அதுவரை பரவாயில்லை. கினிகத்தேனையிலிருந்து ஏற்றம். இரண்டு பேரையும் ஒரு பையையும் சுமந்து ஸ்கூட்டி முனகத் தொடங்கியது. வட்டவளைக்குக் கிட்ட ஒரு வளைவில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களை மதிலோரம் ஒதுக்கிவிட்டுப் போனது. கை நடுங்கியது. கடற்கரைத் தட்டை றோட்டில் ஓடிப் பழகிய கைக்கு இந்த மலை றோட்டு வேறு பாடம். "இறங்கி நடக்கட்டோ?" என்றார் இவர். ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது! இரண்டு பேரும் சிரித்து முடிய இயந்திரச் சூடும் ஆறிவிட்டது. பிறகு சிறிது தூரம் ஓடுவது, சிறிது நேரம் நிற்பது என்று போனோம்.

அலுவலகத்தில் பத்திரம் கிடைத்தது. இரண்டு நாள் அலைந்தது தனிக்கதை, அதை விடுகிறேன். ஆனால் அந்தப் பதிவைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். தோட்டப் பிறப்புகளைப் பதிவாளருக்கு அறிவிப்பது அந்தக் காலத்தில் தோட்டத் துரையின் வேலை. ஆகவே தகவல் தந்தவர் என்ற இடத்தில் துரை. பெற்றவளின் கைரேகையாவது இருக்கும், அதையாவது பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று நான் எண்ணிப் போயிருந்தேன். அது இல்லை. பெயர் மட்டும் இருந்தது, அதிலும் ஒரு எழுத்துக் குறைவு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து நாடற்றவர்களாக நின்ற சனத்துக்கு, பிறகு ஒவ்வொரு கடுதாசியிலும் இப்படி ஒரு எழுத்துப் பிழை எவ்வளவு பெரிய கதவை அடைத்திருக்கும்! 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சியவர்களுடைய பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. இவர் ஒன்றும் பேசாமல் பத்திரத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

தோட்டத்துக்கு மண்பாதை. லயம் அப்படியே நின்றது: பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராக்கள், முன்னால் சின்னத் திண்ணை, மேலே கல் வைத்த தகரம். மாமியின் காம்பிராவில் இப்போது வேறு குடும்பம். நாங்கள் யார் என்று சொன்னதும் கடைசிக் காம்பிராவிலிருந்து ஒரு பாட்டியைக் கூட்டி வந்தார்கள். எண்பது தாண்டியவர். இவரைத் தடவிப் பார்த்து, "ஆத்தாடி, அந்தப் புள்ளயா? ஒங்கம்மா எங் கூடத்தான் நெரை புடிப்பா. அவ கை போற வேகத்துக்கு எங் கண்ணு போகாது" என்றார். பிறகு, "அவ எங்க தம்பி?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். பாட்டி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். எங்களிடம் வந்து மாமிக்காக அழுத முதல் ஆள் அவர். அந்த நாட்களில் யாருக்கு யார் அழுவது?

பீலியும் இருந்தது. மாமி சொன்னது பொய்யில்லை, பல் கூசியது. ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை அந்த வீட்டு மருமகளோடு மலைக்கு ஏறினேன். மலை என்றால் அங்கே கொழுந்தெடுக்கும் காடு. இடுப்பில் படங்கு, தலையில் கயிறு, முதுகில் கூடை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று கேட்க இலகுவாக இருக்கும். நான் அரை மணி நேரம் எடுத்ததில் பாதி முற்றல் இலை. அவர் சிரித்துக்கொண்டே பொறுக்கி எறிந்தார். அந்தத் தோட்டத்தில் ஒரு முழுப் பேருக்கு 18 கிலோ கொழுந்து வேண்டும். குறைந்தால் அரைப்பேர்தான். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று நிறுவையில் கழிப்பது வேறு. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயானது. அதற்காக அவர்கள் எத்தனை வருடம் கேட்டார்கள் என்பது பத்திரிகை படித்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் வந்த பிறகு, 2024 செப்டெம்பரில், அடிப்படைச் சம்பளம் 1350 என்று வர்த்தமானி வந்தது. இறங்கி வந்து பார்த்தால் என் பாதத்தில் மூன்று அட்டை. அந்தப் பெண்ணின் காலில் எத்தனை என்று அவர் எண்ணவே இல்லை.

அந்த லயத்துக்காரரோடு இன்றும் தொலைபேசியில் கதைக்கிறோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டை மண்சரிவில் புரட்டியபோது இரண்டு நாள் தொடர்பு கிடைக்கவில்லை. பிறகு அந்த மருமகள்தான் எடுத்தார். எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்களாம், உயிருக்குச் சேதமில்லையாம், பீலிதான் மண்ணுக்குள் போய்விட்டதாம். பள்ளிக்கூடத்தில் படுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். ஊரில் நாலு பேர் சேர்ந்து பெட்சீற்றும் பிள்ளைகளின் உடுப்பும் அனுப்பினோம்.

சிவனொளிபாதமலைக்கு ஏறுவது முதலில் எங்கள் திட்டத்தில் இல்லை. மாமி கன்னிப் பெண்ணாக இருந்தபோது ஏறியவர் என்று பாட்டி சொல்ல, இவர் பிடிவாதமாக நின்றுவிட்டார். நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போனோம். வழியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம். 1969இல் அது கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் மூழ்கிய கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் தலைகாட்டுமாம். நாங்கள் போன நேரம் தண்ணீர் மூடியிருந்தது.

மலையின் உயரம் 2243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை பருவகாலம். அந்த நாட்களில் பாதை முழுக்க வெளிச்சமும் தேநீர்க் கடையும் உண்டு, சனமும் உண்டு, பெண்கள் தனியாகவும் பயமில்லாமல் போகலாம். பௌர்ணமி நாளைத் தவிர்த்தால் நெரிசல் இராது. செயற்கைக் கால் போடுபவர்களோடு போனால் மேலதிகக் காலுறை இரண்டு மூன்று கட்டாயம் கொண்டு போங்கள். வியர்வையில் நனைந்த உறை சதையை உரித்துவிடும். சரியான குளிர் என்று எல்லோரும் சொல்வார்கள், ஏறும்போது அது தெரியாது. உச்சியில் நிற்கும்போதுதான் தெரியும். கம்பளித் தொப்பியைப் பைக்குள் வைத்திருங்கள்.

இரவு எட்டு மணிக்கே தொடங்கினோம். மற்றவர்கள் நாலு மணி நேரத்தில் ஏறுவதை நாங்கள் எட்டு மணி நேரத்தில் ஏறலாம் என்று கணக்கு. எங்களைத் தாண்டிப் போனவர்கள் "கருணாவாய்" என்று வாழ்த்திக்கொண்டு போனார்கள். கைக்குழந்தையோடு தாய்மார், முதுகு கூனிய கிழவிகள். வழியில் ஓரிடத்தில் முதல் தரம் ஏறுபவர்கள் வெள்ளை நூலைக் கட்டி இழுத்துக்கொண்டே போகிறார்கள். ஒரு கடையில் இவர் காலைக் கழற்றி உறை மாற்றினார். கடைக்காரச் சிங்களப் பெண் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், சுடுதண்ணீரும் துணியும் கொண்டு வந்து வைத்தார். இஞ்சித் தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கடைசிப் பகுதி செங்குத்து. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். உச்சி விளக்கு தெரிகிற தூரத்தில் இவர் உட்கார்ந்துவிட்டார். உறையில் இரத்தம். ஐந்து மணி தாண்டியிருந்தது.

"நீர் போம். நான் இதிலை இருந்து பாக்கிறன்."

"ரெண்டு பேருமாத் திரும்புவம்."

"அம்மா ஏறின மலை. ஒராளாவது போக வேணும். போம்."

போனேன். வாழ்க்கையில் நான் தனியாகச் செய்த பயணங்கள் எல்லாம் யாரையாவது தேடிப் போனவைதான்: முகாமுக்கு, ஆஸ்பத்திரிக்கு, பதிவு அலுவலகத்துக்கு. மேலே எனக்குத் தேட ஒருவரும் இல்லை. கிழக்கே சூரியன் வந்தது. திரும்பிப் பார்த்தால் மேற்கே பனிமூட்டத்தின் மேல் மலையின் நிழல், கூரான முக்கோணமாக. பீலித் தண்ணீரைப் பாதத்தருகே கொஞ்சம் ஊற்றினேன். சரியோ பிழையோ தெரியாது, ஒருவரும் தடுக்கவில்லை. உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனை தரம் மலை ஏறினோமோ அத்தனை தரம் அடிப்பது வழக்கம். எனக்குப் பின்னால் நின்ற கிழவர் பதினாறு தரம் அடித்தார்.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கொடுமை. மத்தியானம் கடந்துதான் அடிவாரம் சேர்ந்தோம். காயம் ஆறட்டும் என்று நல்லதண்ணியில் இரண்டு நாள் கிடந்தோம். நுவரெலியாவில் ஏரியும் பூந்தோட்டமும் பார்க்கும் ஆசை எனக்கு இருந்தது, காசு முடிந்துவிட்டது. தலவாக்கலை வரை ஓடி டெவோன், சென் கிளயர் அருவிகளை றோட்டில் நின்றே பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினோம்.

வவுனியா தாண்டி, வெயில் முதுகில் ஏறத் தொடங்கிய பிறகுதான் இவர் கேட்டார்.

"மணி எத்தினை தரம் அடிச்சனீர்?"

"ஒருக்கா."

"எனக்கு அடிக்கேல்லையோ?"

"நீங்கள் ஏறேல்லையே."

மாங்குளம் வரை பேச்சில்லை. முல்லைத்தீவு றோட்டுக்குத் திரும்பும்போது என் தோளைத் தட்டினார். "காலுக்கு வேறை உறை செய்விக்க வேணும்" என்றார். "அடுத்த மாசிக்கு முதல்."