கற்பிக்கும் பாறைகளைக் கண்டு வந்தோம்

"இந்த நாட்டில் என்ன பழமை இருக்கிறது? எங்கள் கீரிமலைக்கும் நல்லூருக்கும் ஈடாகுமா?" என்று நாம் பேசிக்கொள்வதுண்டு. அந்த எண்ணம் தவறு என்பதை ஒரே நாளில் அறிந்துகொண்டோம்.

கோடை விடுமுறையில் பிக்கரிங்கிலிருந்து இரண்டு குடும்பங்களாகச் சோற்றுப் பொதிகளுடன் புறப்பட்டோம். 401ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே சென்று, 115இல் திரும்பி, பீற்றர்பரோவைக் கடந்து 28ஆம் பாதையால் வூட்வியூவுக்குப் போனோம். அங்கிருந்து சிறிது தூரத்தில் பெற்றோகிளிஃப்ஸ் மாகாணப் பூங்கா. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலப் பயணம்.

காட்டின் நடுவே கண்ணாடிச் சுவர்களுடன் ஒரு கட்டடம். உள்ளே சரிவான வெண்பளிங்குப் பாறை. அதன்மேல் ஆமை, பாம்பு, பறவை, படகு, சூரியனைத் தலையாகக் கொண்ட மனிதர் என ஏறத்தாழ 900 உருவங்கள். கி.பி. 900க்கும் 1400க்கும் இடையில் கடினமான கற்களால் கொத்தப்பட்டவை என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அனிஷினாபே மக்கள் இவ்விடத்தைக் கினூமாகேவாப்கோங், அதாவது 'கற்பிக்கும் பாறைகள்' என்கிறார்கள். 1954இல்தான் இது வெளியாருக்குப் பரவலாகத் தெரியவந்தது. 1976இல் பூங்கா அமைந்தது. மழையும் உறைபனியும் பாறையை அரிக்காதிருக்க 1984இல் கட்டடம் எழுந்தது.

இங்கே படம் எடுக்கக்கூடாது. "ஏன்?" என்று சின்னவன் சிணுங்கினான். "எங்கட கோயில் மூலஸ்தானத்திலையும் படம் எடுக்க விடமாட்டினம்தானே, ராசா" என்றார் அம்மம்மா. அதன்பின் அவன் கைகட்டி நின்று பார்த்தான். இது காட்சிச்சாலை அல்ல. கேர்வ் லேக் முதற்குடி மக்கள் இன்றும் வணங்கும் இடம்.

இப்பாறை தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஆண்டு 1981. அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணத்தில் எமது நூலகம் எரிக்கப்பட்டது. ஓர் இனத்தின் நினைவு அழிந்தால் என்ன வலி என்பதை அறிந்தவர்கள் நாம். இந்த மண்ணின் மூத்த குடிகளின் நினைவை மதிப்பதும் நம் கடமையல்லவா? நாம் குடியிருக்கும் பிக்கரிங்கும் 1923ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களுக்கு உட்பட்ட நிலம்தான். ஒப்பமிட்டவர்களில் கேர்வ் லேக் மக்களும் அடங்குவர்.

பிள்ளைகளை ஒருமுறை கூட்டிச் செல்லுங்கள். மே மாதம் முதல் ஒக்ரோபர் நடுப்பகுதி வரையே பூங்கா திறந்திருக்கும். கமராவையும் கைத்தொலைபேசியையும் காரிலேயே விட்டுவிடுங்கள்.